பதினாலு டிக்

"உங்க பதினாலு கேள்வியும் சுத்தப் பொய்ங்க மேடம்."

தங்கவேலு தாளை மேசையில் போட்டார். ஒரு கம்பெனியின் பங்கை வாங்குமுன் கேட்க வேண்டிய பதினாலு கேள்விகள். மெஹருன்னிசா தன் முதலீட்டு வகுப்பில் கொடுத்த தாள். பதினாலுக்கும் டிக் போட்டிருந்தது.

"முன்னூத்திப் பத்துக்கு வாங்கினனுங்க. இப்ப இருவத்திரண்டு."

முப்பத்து நாலு வருஷம் பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் நின்று வாங்கிய பணிக்கொடை அது. போயே போய்விட்டது. மிச்சம், மனைவி மரகதத்தின் இருதய ஆபரேஷனுக்கு எடுத்துவைத்த நாலு லட்சம். வியாழக்கிழமை கட்ட வேண்டும்.

மெஹருன்னிசா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் வகுப்பில் மனிதர் எழுந்து நின்றுதான் சந்தேகம் கேட்பார்.

"வேண்டாம்னு தள்ளின கம்பெனித் தாள் இருந்தா காட்டுங்கண்ணா."

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"நான் பாத்த கம்பெனி அத்தனையும் பாஸுங்க."

இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார், பாவம்.

"பம்புல நூத்துக்கு எத்தனை தள்ளுவீங்க?"

"ஏழெட்டுத் தள்ளுவோமுங்க. மாசக் கடைசியில மட்டும் ஒண்ணும் தள்ள மாட்டோம்."

"ஏன்?"

"லாரி வாசல்ல நிக்குமுங்க. பம்பை ஏத்தி அனுப்பிப்போட்டு, டெஸ்ட் ஷீட்டை அப்பறமா உக்காந்து..."

அவர் கண் மேசையில் கிடந்த தாளுக்குப் போனது.



"தெரிஞ்சவரு ஒருத்தர் சொன்னாருன்னு வாங்கிட்டனுங்க," என்றார் தங்கவேலு மெதுவாக. "வாங்கின பொறவு மனசு கேக்கல. அப்பத்தான் தாளை எடுத்தேன். கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்."

"கம்பெனிக்குக் கடன் எவ்வளவுன்னு ஒரு கேள்வி இருக்கே. எங்க பாத்தீங்க?"

"பாக்கலீங்க. டிக் போட்டனுங்க."

  மெஹருன்னிசாவுக்குத் திட்ட வாய் வரவில்லை.

"போனது போகட்டும். அண்ணி ஆபரேஷன் பணத்துல மட்டும் கை வெச்சிராதீங்க."

 தங்கவேலு சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமலே நீட்டினார்.

"இதை உங்ககிட்டக் காட்டத்தானுங்க வந்தேன்."

வேறொரு கம்பெனி. பதினாலு டிக். மை இன்னும் சரியாகக் காயவில்லை.

"எப்பண்ணா எழுதினீங்க?"

"இப்பத்தானுங்க. கீழ, மாடிப்படியில உக்காந்து."

"பங்கு?"

அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"அது காலையிலயே வாங்கிட்டனுங்க."