கஸ்பார் காருக்கு அடிப்பூச்சு அடித்த கதை

தெற்குமுனை என்று ஒரு ஊர். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் உப்பளம். அந்த ஊர்க் காற்றில் ஒரு கதவுக் கொண்டி துருப்பிடிக்காமல் வருஷம் தாண்டிவிட்டால் அதற்கு மாலை போட்டு மேளம் அடிக்கலாம். அப்படிப்பட்ட ஊரில், தாத்தா வயசுள்ள ஒரு வெள்ளைக் காரை ஆசை ஆசையாக வாங்கி வாசலில் நிறுத்தியவன் நம்ம கஸ்பார். வாங்கும்போதே காரின் அடிப்பக்கம் அப்பளமாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தால்தானே தெரியும்? அவ்வளவு பெரிய மீசையை வளர்த்து வைத்திருக்கிற ஆள் குனிவானா?

மூளை கொஞ்சம் கம்மியே தவிர, மனசு நல்ல மனசு. அந்த மனசு முழுக்க புளோராதான். பக்கத்து ஊர் இன்னாசியாரின் ஒரே மகள். இன்னாசியார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒரு விபத்துகூடச் செய்யாதவர் என்று பரிசெல்லாம் வாங்கியவர். பாதி நாள் அவர் பஸ் டிப்போவை விட்டே கிளம்பாது என்பதை யாரும் அந்த மேடையில் சொல்லவில்லை.

சம்பந்தம் பேசி முடிந்த சந்தோஷத்தில், கஸ்பார் வருங்கால மாமனாரைக் காரில் ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிப் போனான். சந்தை முக்கில் ஒரு பள்ளம். டொக்கென்று ஒரு சத்தம். இன்னாசியாரின் வலது கால் காரின் தரையைத் துளைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. கார் ஓட, காலும் கூடவே ஓட, மனுஷர் ஒரு காலால் சவாரியும் ஒரு காலால் ஓட்டமுமாகக் கோயில் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

இறங்கியதும் வேட்டியை உதறிக்கொண்டு அவர் சொன்னார்: "தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா உங்க வீட்டுக்கு வாரேன். இதே கார்ல ஏறி உக்காருவேன். என் ரெண்டு காலும் காருக்குள்ளயே இருக்கணும். இருந்தா எம் மக உனக்கு. இல்லன்னா, ஐஸ் கம்பெனிக்காரன் ஒருத்தன் நடையா நடக்கான், அவனுக்கு."

கஸ்பாருக்கு அன்றைக்கு மீன் குழம்பு இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு நாள் இருந்ததில்லை.

மறுநாள் காலையிலேயே மெக்கானிக் ஜோதிமணியைக் கூட்டி வந்து காட்டினான். ஜோதிமணி காருக்கு அடியில் தவழ்ந்து போய், தலையெல்லாம் துருவாக வெளியே வந்தார்.

"இங்க பாரு கஸ்பார், நான் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள வர முடியாது. நீயே செஞ்சிரு, பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. முதல்ல அடிப்பக்கத்தை நல்ல தண்ணி விட்டுக் கழுவு, உப்பு சுத்தமா போயிரணும். பொறகு கம்பி பிரஷ் போட்டுத் தேய், துரு ஒரு பொட்டு இருக்கக் கூடாது. ஓட்டை மேல இந்தத் தகட்டை வச்சு ரிவெட் ஆணி அடிச்சிரு. கடைசியா இந்த டின்னுல இருக்க கறுப்புக் கோட்டிங்கை ரெண்டு கை பூசு. கீழ மட்டும்தான். மேல ஒரு துளி படக் கூடாது. உன் சொந்த மூளையை மட்டும் தயவுசெஞ்சு போட்டுறாத."

"சத்தியமா போட மாட்டேண்ணே," என்றான் கஸ்பார். கொடுத்த வாக்கைக் கடைசிவரைக்கும் காப்பாற்றினான், அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

உதவிக்கு மூன்று பேரைக் கூப்பிட்டான். தொம்மை உப்பளத்தில் காவல்காரன். நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறவன் சும்மாவா உட்கார்ந்திருப்பான், யோசித்துக்கொண்டுதானே இருப்பான் என்று ஊரே அவனை அறிவாளி ஆக்கிவிட்டது. மிக்கேலும் லூர்தும் வலை பின்னுகிறவர்கள். தொம்மை எதைச் சொன்னாலும் "அதானே" என்பான் மிக்கேல். "எதானே?" என்று கேட்பான் லூர்து.

முதல் நாள் கழுவினார்கள். ஒரு குடம் ஊற்றினார்கள், பத்துக் குடம் ஊற்றினார்கள். உப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"குழம்புல உப்பு இருக்கான்னு எப்படிப் பாப்பே?" என்று கேட்டான் தொம்மை.

"நக்கிப் பாப்பேன்."

"பொறகென்ன?"

லூர்து காருக்கு அடியில் போய் நக்கிப் பார்த்துவிட்டு, "கரிக்குது" என்றான். மறுபடியும் ஊற்றினார்கள். மறுபடியும் கரித்தது. பொழுது சாயும்வரை ஊற்றியும் நக்கியும் லூர்தின் நாக்கு கோரைப் பாய் மாதிரி ஆகிவிட்டது. தெற்குமுனைக் கிணற்றுத் தண்ணீரே உப்புத் தண்ணீர்தான் என்பது அந்த ஊரில் பிறந்து வளர்ந்து அதையே குடிக்கிற அந்த நாலு பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"அப்ப கார்ல உப்பு இல்ல, தண்ணியிலதான் உப்பு," என்றான் தொம்மை. "தண்ணிய சரி பண்ணிட்டா கார் சரியாயிரும். கருப்பட்டி வாங்கிட்டு வாங்கலே."

கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினார்கள். லூர்து நக்கிப் பார்த்து, "இப்ப உப்பே தெரியல, ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் நக்கினான். மறுநாள் விடிந்து பார்த்தால் ஊரிலுள்ள எறும்பெல்லாம் காருக்கு அடியில். அதைப் பார்த்து அவர்களுக்கு ஒரே சந்தோஷம். உப்பு இருந்தால் எறும்பு வருமா?

அடுத்தது துரு. கம்பி பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு தேய்ப்பு! தேய்க்கத் தேய்க்கத் துரு உதிர்ந்தது. துரு உதிர உதிரக் காரும் உதிர்ந்தது. மத்தியானம் வாக்கில் கஸ்பார் காருக்குள் உட்கார்ந்து கீழே குனிந்தால், மல்லாந்து படுத்திருந்த மிக்கேலின் முகம் மட்டுமல்ல, தொப்பையும் தெரிந்தது.

"அண்ணே, ஓட்டை பெருசாயிட்டே போவுதே," என்றான் கஸ்பார். பாவம், அவனுக்குப் புளோராவின் முகமும் ஐஸ் கம்பெனியும் மாறி மாறி வந்துபோயின.

தொம்மை கையை உயர்த்தினான். "எலே, ஓட்டைக்குத் துருப்பிடிச்சு எங்கயாவது பாத்திருக்கியா?"

யாரும் பார்த்ததில்லை.

"இரும்பு இருந்தாத்தான் துரு. ஓட்டையில என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. நூறு வருஷம் ஆனாலும் ஓட்டை அப்படியே புதுசா இருக்கும்."

"அதானே," என்றான் மிக்கேல்.

ஓட்டை மேல் தகட்டை வைக்கச் சொன்னாரல்லவா மெக்கானிக்? வைத்தார்கள். தகடு ஓட்டை வழியாக விழுந்து மிக்கேலின் தொப்பை மேல் படுத்துக்கொண்டது. எடுத்து மறுபடி வைத்தார்கள், மறுபடி விழுந்தது. வைக்கத்தான் சொன்னார், நிற்கவைக்கச் சொல்லவில்லையே என்று முடிவுசெய்து, ரிவெட்டுகளைத் தகட்டிலேயே வரிசையாக அடித்துப் பத்திரமாக எடுத்து வைத்தார்கள். மிக்கேல் வீட்டில் அதில்தான் இப்போது கருவாடு காய்கிறது.

கடைசி வேலை, கறுப்புக் கோட்டிங். அடியில் படுத்துப் படுத்து எல்லாருக்கும் முதுகு போய்விட்டது. "நாம ஏன் காருக்குக் கீழ போகணும்? காரை மேல வரச் சொல்லுவோம்," என்றான் தொம்மை. மணலைக் குவித்து மெத்தை போட்டு, வடம் கட்டி, உப்பளத்து ஆட்களைக் கூப்பிட்டு, ஐலசா போட்டுக் காரைத் தலைகீழாகப் புரட்டினார்கள். ஆட்கள் கூலி கேட்கவில்லை. அடுத்தவன் கார் கவிழ்வதைப் பார்க்க யார்தான் கூலி கேட்பார்கள்?

சக்கரம் நாலும் வானத்தைப் பார்த்தன. கஸ்பார் டின்னைத் திறந்து பிரஷ்ஷை முக்கிவிட்டான். அப்போது லூர்து கேட்டான்: "அண்ணே, கீழ மட்டும்தானே பூசணும்?"

"ஆமா. மேல ஒரு துளி படக் கூடாது."

"அப்ப இதை எப்படிப் பூசுவீங்க? இது மேலல்லா இருக்கு."

நாலு பேரும் காரைச் சுற்றி வந்தார்கள். கீழே பார்த்தார்கள். மணலில் அழுந்திக் கிடந்தது காரின் கூரை.

"நேத்து வரைக்கும் இந்த ஓட்டைப் பக்கம்தானே கீழ இருந்துச்சு?" என்று கஸ்பார் மெல்ல இழுத்தான்.

"நேத்து எங்க வீட்டுல சாளைமீன் குழம்பு," என்று சீறினான் தொம்மை. "அதை நெனச்சா இன்னைக்கு வயிறு நெறையுமா? இன்னைக்கு எது கீழ இருக்கோ அதுதான் கீழ."

கஸ்பாருக்குள் ஏதோ ஒன்று லேசாகப் பிராண்டியது. சந்தேகமா, யோசனையா, அவனுக்கே பிடிபடவில்லை. சட்டென்று ஜோதிமணிக்குக் கொடுத்த சத்தியம் ஞாபகம் வந்தது. ஐயையோ, சொந்த மூளை! தலையை இரண்டு தட்டுத் தட்டி அதை அடக்கிவிட்டான்.

மேல்பக்கம் ஒரு துளியும் படாமல் ஓலைப்பாயைப் போட்டு மூடினார்கள். காருக்கு அடியில் மணலைத் தோண்டிக் குழி பறித்து, ஒருவர் மாற்றி ஒருவர் அதில் படுத்து, கூரைக்கு ரெண்டு கை கோட்டிங் அடித்தார்கள். வேலை சுத்தமான வேலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் மறுபடி வந்து காரை நிமிர்த்தினார்கள். இந்தத் தடவை பெண்டு பிள்ளைகளையும் வேடிக்கை பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

நிமிர்ந்த காரின் கூரை கன்னங்கரேலென்று மினுங்கியது. கீழே ஓட்டை ஆவென்று வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கஸ்பார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். "எம் பொழப்பு போச்சே! புளோரா ஐஸ் கம்பெனிக்குப் போயிருவாளே!" என்று மீசை நனைய அழுதான். அந்த அழுகை நிஜம். முட்டாளுக்கு வலிக்காது என்று யார் சொன்னது?

தொம்மை காரை இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று வந்தான். "எதுக்குலே அழுத? பூச்சு பூசின பக்கம்தானே கீழ இருக்கணும்? பூச்சு சரியாத்தான் இருக்கு. காரைத்தான் தப்பா நிறுத்தியிருக்கோம்."

"அதானே!" என்றான் மிக்கேல். லூர்துகூட எதானே என்று கேட்கவில்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது அந்த விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெள்ளை வேட்டி சட்டையில் இன்னாசியார் வந்தார். வாசலில் கார் சக்கரங்களை மேலே நீட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. கிட்டே போய் ஒரு டயரைத் தட்டிப் பார்த்தார்.

"சக்கரம் ஏன் மேல இருக்கு?"

"தரையில பட்டாத்தானே டயர் தேயும்?" என்றான் தொம்மை.

இன்னாசியார் நெற்றியில் அடித்துக்கொண்டார். "இதைத்தான் நான் டிப்போவுல தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒரு பயலும் கேக்கல."

கதவைத் திறந்து, குனிந்து உள்ளே போய், கூரைத்துணி மேல் தலையணையைப் போட்டு உட்கார்ந்தார். தலைக்கு மேலே சீட்டுகள் தொங்கின. வலது காலால் ஓங்கி உதைத்தார். டங்கென்றது, உடையவில்லை. இடது காலாலும் உதைத்தார். ரெண்டு காலும் காருக்குள்ளேயே இருந்தன. வெளியே கஸ்பாருக்குக் கண் கலங்கியது.

"மேல என்ன வெளிச்சம்?"

"காத்து வாரதுக்கு மாமா."

"மழை வந்தா?"

"மழைக்காலத்துல உங்க மகளை வெளிய கூட்டிட்டே போக மாட்டேன் மாமா."

"பொறுப்பான பையன்தான்," என்று முனகினார் இன்னாசியார். "சரி, ஓட்டிக் காட்டு."

கஸ்பார் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் தொங்கிய ஸ்டியரிங்கை எக்கிப் பிடித்துச் சாவியைத் திருகினான். தலைகீழாகத் தொங்குகிற எஞ்சின் எங்கே கிளம்பும்? அந்தோணியாரை வேண்டிக்கொண்டு, வாயாலேயே "டுர்ர்ர்ர்" என்றான். மேலே மிக்கேலும் லூர்தும் ஆளுக்கொரு சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார்கள். கடல் காற்று ஜன்னல் வழியாகச் சிலுசிலுவென்று வந்தது. இன்னாசியாரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குறட்டை கேட்டது.

தூங்குகிற பயணியை வைத்துக்கொண்டு வண்டியை நிறுத்த முடியுமா? கஸ்பார் தொண்டை வறளும்வரை ஓட்டினான். வெயில் தாழ்ந்து, குரலே போன பிறகுதான் நிறுத்தினான். சத்தம் நின்றதும் இன்னாசியார் திடுக்கிட்டு விழித்தார். இறங்கிச் சுற்றும் முற்றும் பார்த்தார். அதே கிணறு, அதே தென்னை, அதே தொம்மை.

"இது தெற்குமுனைதானே?"

"ஆமா மாமா," என்றான் கஸ்பார் காற்றாக.

"அடப்பாவி! போயிட்டுத் திரும்பியே வந்துட்டமா!" இன்னாசியார் கஸ்பாரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ஒரு குலுக்கல் இல்ல, ஒரு பிரேக் அடிக்கல. இத்தன வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு டிரைவரை நான் பாத்ததில்ல. எம் மக உனக்குத்தான் மாப்பிள்ளை!"

கஸ்பார் அழுதான், சிரித்தான், தொம்மையின் காலில் விழப்போனான். இன்னாசியார் செருப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். நாலடி போனவர் திரும்பி வந்தார்.

"மாப்பிள்ளை வண்டி இருக்கும்போது நான் எதுக்கு நடக்கணும்? என்னை வீட்டுல விட்டுருங்க," என்று சொல்லிக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கஸ்பாருக்குத்தான் தொண்டை போய்விட்டதே. தொம்மை ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தான். மிக்கேலும் லூர்தும் சக்கரத்தைச் சுற்றினார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் புளோரா போன் பண்ணி, "அப்பா, எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள்.

இன்னாசியார் ஜன்னல் வழியாக அந்தத் தென்னையைப் பார்த்துக்கொண்டே, "பாதி வழி வந்துட்டேன் தாயி, சோத்தை எடுத்து வை," என்றார்.