முந்நூறுக்கு விற்ற முட்டாள்

சகாயராணி மேடம் பாடம் நடத்தியதைவிடக் கணினியில் பங்குச் சந்தை நடத்தியதுதான் அதிகம். கம்பெனிகள் பொய், காசு பொய். ஆனால் முதலீட்டுப் பகுப்பாய்வு படிக்க வந்த முதுகலை மாணவர்கள் ஒரு மாதமாக அந்தப் பொய்ச் சந்தையிலேயே கிடந்தார்கள். கடைசி மணி அடிக்கும்போது முதலிடத்தில் இருப்பவருக்குப் பல்கலைக்கழகத்தின் மாணவர் முதலீட்டு நிதியை நிர்வகிக்கும் குழுவில் ஓர் இடம் உண்டு. அந்த நிதி பொய்யில்லை. முன்னாள் மாணவர்கள் கொடுத்த நிஜப் பணம்.

நயினாருக்கு அந்த இடம் வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும்.

கடைசி நாள் காலையிலிருந்தே பொருநை பம்ப்ஸ் என்ற கம்பெனியின் பங்கு ஏறிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

"ஏய், இன்னும் ஏறுதுடா!"

"வாங்கு, வாங்கு!"

விலை முந்நூறைத் தொட்டதும் திரையில் ஒரு பெரிய மூட்டையே விற்பனைக்கு வந்தது. நயினார் கையிலிருந்த அத்தனையையும் கொட்டி ஒரே அமுக்கில் வாங்கினான். விலை மறுபடி ஏறியது. அவன் பெயர் முதலிடத்துக்குப் போனது. நாற்காலி மேல் ஏறி ஆடாத குறைதான்.

"மேடம்!" என்று கத்தினான். "இவ்ளோ நல்ல பங்கை முந்நூறுக்கு வித்துட்டுப் போன முட்டாள் யாரு மேடம்?"

மேடம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கேட்டுட்டாப் போச்சு. முந்நூறுக்கு வித்தவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"வெக்கப்பட்டு உக்காந்திருக்கான் போல மேடம்," என்றான் நயினார். எல்லோரும் சிரித்தார்கள்.

"எல்லாரும் வந்தாச்சா?"

"பெலிக்ஸ் மட்டும் வரலை மேடம்," என்றாள் முன்வரிசை ரூபவதி. "மஞ்சக்காமாலை. ஊருக்குப் போயிட்டான்."

"அவன் கணக்கைப் பாத்துக்கறேன்னு எங்கிட்ட வந்து கேட்டது யாரு?"

நயினாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

பெலிக்ஸ் அவனுடைய அறைத்தோழன். போன வாரம் பஸ் ஏறும்போது, "பாத்துக்கோ மக்கா, எனக்கு ரேங்கெல்லாம் வேண்டாம், பெயில் ஆகாம இருந்தாப் போதும்" என்று கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கே நயினார் உட்கார்ந்து பொருநை பம்ப்ஸின் லாபத்தையும் கடனையும் அலசினான். இருநூற்றைம்பது பெறும், கூடிப்போனால் முந்நூறு என்று வந்தது. நம்பிக் கொடுத்தவனுடைய காசு, எதற்கு வம்பு? முந்நூறைத் தொட்டால் பெலிக்ஸிடமுள்ள பங்கு எல்லாவற்றையும் விற்றுவிடு என்று கணினியில் போட்டு வைத்தான். பிறகு சந்தைச் சூட்டில் அதைச் சுத்தமாக மறந்துபோனான்.

"அந்த முட்டாள்... நான்தான் மேடம்."

ஆய்வகம் அதிர்ந்தது. ரூபவதி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

அதற்குள் திரையில் விலை நின்றுவிட்டது. இனி வாங்க யாரிடமும் காசில்லை. ஒருவன் விற்றான். அதைப் பார்த்து இன்னொருத்தி விற்றாள். அப்புறம் எல்லோரும் முட்டி மோதினார்கள். நயினாரும் விற்கப் பார்த்தான், வாங்கத்தான் ஆளில்லை. விலை பாதிக்கும் கீழே கிடந்தபோது மணி அடித்தது.

முதலிடம் பெலிக்ஸ். கடைசி இடம் நயினார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்த நயினாரை மேடம் கூப்பிட்டார்.

"பெலிக்ஸ்கிட்ட இப்பதான் போன்ல பேசினேன். 'நான் ஒண்ணுமே பண்ணலை மேடம், அந்த இடத்தை நயினாருக்கே குடுத்துடுங்க'ன்னான். திங்கக்கிழமை நிதிக் குழுவுக்கு வந்துடு."

நயினார் பையைக் கீழே வைத்தான்.

"எனக்கா மேடம்? முந்நூறுக்கு விக்கணும்னு கணக்குப் போட்டவனும் நான்தான், அதே முந்நூறுக்கு ஓடிப்போய் வாங்கினவனும் நான்தான். கடைசியில வந்தவனை நம்பி நிஜப் பணத்தை எப்படி மேடம் குடுப்பீங்க?"

மேடம் ஆறிப்போன டீயைக் குடித்து முடித்தார்.

"அது அடுத்தவங்க பணம் நயினார். அதை உங்கிட்ட தைரியமாக் குடுக்கலாம். உன் பணத்துக்குத்தான் நம்பிக்கையான ஒரு ஆளைத் தேடணும்."