நாலுக்கு இறங்கிய ஏரி

ஏரியில் மீனெல்லாம் செத்து மிதந்த வருஷம் அது. கிராம சபையில் ஜவ்வரிசி ஆலை முதலாளி வேலாயுதசாமி எழுந்து, அமிலம் அளக்கும் கருவியை உயர்த்திக் காட்டினார்.

"போன வருஷம் ஏரித்தண்ணி ஆறு காட்டுச்சு. இப்ப நாலு. அமிலம் குறைஞ்சிருக்கு! என் ஆலைக் கழிவுமேல பழி போட்டவங்க மன்னிப்புக் கேக்கணும்."

மீன் பிடித்துப் பிழைக்கும் செம்பாயி கைகூப்பி எழுந்தாள்.

"கேக்கறனுங்க. அதுக்கு முன்னாடி, உங்க முன்னாடி இருக்கற எலுமிச்சை ஜூசுல அதை ஒருக்கா முக்கிக் காட்டுங்க."

முக்கினார். இரண்டரை.

"இப்ப குடிதண்ணியில."

ஏழு.

"அப்ப உங்க கணக்குப்படி எலுமிச்சைய விடக் குடிதண்ணிதான் புளிப்புங்களா?"

ஓரமாக உட்கார்ந்திருந்த மாசு கட்டுப்பாட்டு அதிகாரி தலை குனிந்தபடி சொன்னார்: "எண் ஒண்ணு இறங்கினா, புளிப்பைக் குடுக்கற ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு ஏறும். இங்க ரெண்டு இறங்கியிருக்கு. நூறு மடங்கு."

செம்பாயி முதலாளியைப் பார்த்தாள்.

"வாங்க, ஏரிக்கரைக்குப் போலாம். செத்த மீனெல்லாம் அங்கதான் கெடக்குது. மன்னிப்ப யாரு கேக்கறதுன்னு அங்க வந்து சொல்லுங்க."