அமைச்சர் வளைத்த கம்பளம்

முன்னொரு காலத்தில், உட்காரும் விரிப்பில்கூடக் கோணல் பார்க்கிற ஓர் அரசன் இருந்தான். ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராய்த் திரியும் பொம்மக்கா ஒருநாள், தான் நெய்த ஆட்டுமயிர்க் கம்பளத்தைக் காணிக்கையாக அவன்முன் விரித்தாள். அதன் கோடுகள் மூன்று இடத்தில் வளைந்திருந்தன.

அமைச்சர் அரங்கநாயகர் சிரித்தார். அவர் சிரித்தால் அவரவர் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. பொம்மக்காவைச் சபைக்கு அழைத்துவந்தவன் விகடகவி குப்பாண்டி. அவன்மேல் அவருக்கு வெகுநாள் காய்ச்சல்.

"அரசே, இது தங்களுக்கு அவமதிப்பு. வளைவில்லாத கம்பளம் ஒன்று நெய்து தரட்டும். தவறினால் மந்தை அரண்மனைக்கு. குப்பாண்டி நாட்டுக்கு வெளியே."

"அப்படியே ஆகட்டும்," என்றான் அரசன்.

பொம்மக்காவின் முகம் செத்துவிட்டது. குப்பாண்டி மெல்லக் கேட்டான்: "வளைவு எப்படித் தாயி விழுந்தது?"

"புல்லு தீந்தா கிடையை மாத்தணும் சாமி. தறி முளையைப் பிடுங்கி, பாதிக் கம்பளத்தைச் சுருட்டிக்கிட்டுப் போயி வேற மண்ணுல அடிப்போம். அங்க இழுப்பு மாறிப்போவும். ஒரே இடத்துல இருந்தா நேராத்தான் வரும். ஆட்டை விட்டுட்டு எங்க இருக்கிறது?"

குப்பாண்டி அரசனை வணங்கினான். "அரசே, கம்பளம் முடியும்வரை முளையை யாரும் அசைக்கக் கூடாது. இவளையும் ஆடுகளையும் பிரிக்கக் கூடாது. இடத்தை அமைச்சரே காட்டட்டும்."

கண்ணெதிரே இருந்தால் ஏமாற்ற முடியாது என்று எண்ணிய அமைச்சர், "அரண்மனை முற்றம்," என்றார். அரசனும் தலையசைத்தான்.

மறுநாள் முந்நூறு ஆடுகள் வந்தன, நான்கு நாய்களோடு. உச்சிப்பொழுதுக்குள் மல்லிகைப் பந்தல் காலி. அமைச்சரின் பட்டு அங்கவஸ்திரத்தை ஒரு கிடா பாதி தின்றுவிட்டு மீதிக்குக் காத்திருந்தது. ஐந்தாம் நாள் ஆட்டுப் புழுக்கையில் வழுக்கி விழுந்து எழுந்தவர் கத்தினார்:

"அந்த முளையைப் பிடுங்கி ஊருக்கு வெளியே அடியும் ஐயா."

"தாராளமாய் அடிக்கலாம்," என்றான் குப்பாண்டி. "கோடு வளையும். அமைச்சர் உத்தரவால் வளைந்தது என்று அரசரிடம் நானே சொல்லிவிடுகிறேன்."

பின்னால் அரசன் நின்றிருந்தான். "அப்படியானால் பழைய கம்பளத்தில் அந்த மூன்று வளைவும்?"

"மூன்று முறை புல் தீர்ந்தது, அரசே. அவ்வளவுதான்."

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொம்மக்காவுக்கு மந்தையோடு அரண்மனைப் புல்வெளியில் மேய்ச்சல் உரிமையும், குப்பாண்டிக்குப் பொற்காப்பும் கிடைத்தன.

அமைச்சர் சொன்னபடி முளையைப் பிடுங்கி, புல்வெளியில் அடித்து முடித்த புதுக் கம்பளத்தை அமைச்சரின் ஆசனத்தில் விரித்தார்கள். அதில் ஒரே ஒரு வளைவு. அது யாரால் விழுந்தது என்று, கேட்காதவர்களுக்கும் குப்பாண்டி சொல்லிக்கொண்டிருந்தான்.