முப்பத்தொன்றாம் தேதிக்கு முன்

பதில் சொல்லப் போவது நீங்கள். அதனால் ஒன்றையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.

கன்னியப்பன் ஒரு சின்ன ஊரின் பேரூராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிறவர். முப்பத்தோரு வருஷம் இடுப்புயரத்து இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்து மூடியவர். கதை நடந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு அவருக்கு ஓய்வு.

பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவன் தயாளன் ஏழாம் வகுப்போடு நின்றவன். கல்யாணம் ஆனதும் அடுத்த தெருவில் தனிக்குடித்தனம் போய், வாடகை வேன் ஓட்டுகிறான். சின்னவன் லோகு பட்டம் வாங்கிவிட்டு நான்கு வருஷமாக வேலைக்கு அலைகிறான். ஓய்வுப் பணம் வந்ததும் அதில் பெரியவனுக்குச் சொந்தமாக ஒரு வேன் எடுத்துத் தருவதாகக் கன்னியப்பன் வாக்குக் கொடுத்திருந்தார். மனைவி மரகதத்துக்கு அது பிடிக்கவில்லை. தனியாகப் போனவனுக்கு எதற்கு என்பாள். "பணம் என் கைக்கு வந்தா ஒரு ரூபாகூட அவனுக்குக் கிடையாது" என்று அவன் காதுபடவே சொல்வாள். அவளுக்குச் சின்னவன் மேல்தான் உயிர்.

மாதத் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாட்ச்மேன் நெஞ்சடைத்துச் செத்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. சாவு வீட்டுக்குப் போய்வந்த மரகதம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, "வேலையில இருக்கும்போதே போயிட்டாராம். அதனால அவர் பிள்ளைக்கு வேலை குடுப்பாங்களாம். எட்டாவது பாஸ் பண்ணியிருந்தா போதுமாம்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் கன்னியப்பனின் முகத்தை நேராகப் பார்ப்பவர்கள் இல்லாமல் போனார்கள்.

தயாளன் மட்டும் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதவன். ஒருநாள் அப்பன் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது சொன்னான்:

"இன்னா நைனா, அந்த வாட்ச்மேன் மாதிரி நீயும் சட்டுனு கெளம்பியிருந்தா தம்பிக்கு ஒரு வழி பொறந்திருக்கும். உனக்கு எதுலயும் நேரங்காலம் தெரியாது."

"நான் கெளம்பிட்டா உனக்கு வேன் எவன்டா எடுத்துக் குடுப்பான்?"

அப்பனும் பிள்ளையும் சிரித்தார்கள். மரகதம் சிரிக்கவில்லை. லோகு பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனான்.

கன்னியப்பனுக்கு ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி வந்திருந்தது. மறுபடி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அதை மரகதம் சமையலறையில் ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். கனமான வேலை வேண்டாம், லீவு போடுங்கள் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். லோகுதான் போடவிடவில்லை. "கடைசி மாசம் நைனா. ஒருநாள்கூட விடாம வேலைக்குப் போ" என்றான். அவன் இப்போதெல்லாம் தினமும் அப்பனுக்குக் கால் பிடித்துவிட்டான். இருபத்தேழு வயதுவரை இல்லாத பழக்கம். அந்தக் கை காலில் படும்போதெல்லாம் கன்னியப்பனுக்கு உடம்பு சில்லிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினார்.

முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலை வேலையை முடித்துவிட்டு வந்தவர் கூடத்தில் உட்கார்ந்தார். தயாளனும் வந்திருந்தான். பதினொரு மணிக்கு நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல் வலி எழுந்தது. அப்படியே சாய்ந்தார். பேச்சு வரவில்லை. ஆனால் கண் திறந்திருந்தது, காதும் கேட்டது.

தயாளன் வண்டி கொண்டுவர ஓடினான்.

லோகு அப்பனின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். "வாயுதான் நைனா. சோடா குடிச்சா சரியாப் போயிடும். ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் இருக்கப்போறாரு? சாயங்காலம் பாத்துக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே நெஞ்சைத் தடவிக்கொடுத்தான்.

மரகதம் சமையலறையிலிருந்து மாத்திரையோடு வந்தாள். வாசற்படி ஓரத்தில் நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே நின்றாள். தேதியைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவள் நிற்பதைக் கன்னியப்பன் பார்த்துக்கொண்டே கிடந்தார். எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்புறம் வந்து குனிந்து, அவர் வாயைத் திறந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள்.

வேன் வந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற உத்தரவை ஆபீஸ் ஆள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். தயாளன் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தான். லோகு சாத்துக்குடி பிழிந்து எடுத்துவந்தான். மரகதம் கஞ்சியை ஆற்றி நீட்டினாள். கன்னியப்பனுக்கு நல்ல பசி. ஆனால் கை எதன் பக்கமும் நீளவில்லை. மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த மூவரில் யார் கையால் அவர் சாப்பிடலாம்?

பதில்: பெரியவன் ஓடினான் என்று அவன் பக்கம் சாயாதீர்கள். அப்பன் செத்தால் ஏழாவது படித்தவனுக்கு வேலையும் இல்லை, வேனும் இல்லை. அவன் எதற்காக ஓடினான் என்பது அவனுக்கே தெரியாது. வேன் வாங்கிக் கொடுத்த பிறகு வருகிற வலியில் தெரிந்துவிடும். சின்னவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மரகதம் ஒருத்திக்குத்தான் புருஷன் அன்றைக்குச் செத்திருந்தால் எல்லாம் லாபம்: ஆசைப் பிள்ளைக்கு வேலை, கையில் மொத்தப் பணம், மாதாமாதம் பென்ஷன். அத்தனையையும் நின்று நினைத்துப் பார்த்தவள், பார்த்த பிறகும் மாத்திரையைக் கொடுத்தாள். ஆகவே அவர் கஞ்சியைக் குடிக்கலாம். அவளை மன்னிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. குடிக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.