ஒன்றரைக் கிலோ பொரி

கோணக்குளத்தில் புத்திசாலிகளும் உண்டு. அன்றைக்குப் பார்த்து அவர்கள் எல்லோரும் வெளியூர் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது மொக்கையன், அவர் மச்சினன் ஒச்சப்பன், பக்கத்து வீட்டுக் காத்தமுத்து. மதியம் மொக்கையன் மகள் பேச்சியம்மாளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஏற்கெனவே மூன்று வரன் பலகாரத்தை வாயில் வைத்ததுமே எழுந்து போயாச்சு. இதுவும் போய்விடுமோ என்று மனுஷன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மதுரையிலிருந்து அக்கா போனில் பக்குவம் சொன்னாள்: "ஒன்றரைக் கிலோ பொரி, முக்கால் கிலோ வெல்லம். பாகு காய்ச்சி உருண்டை பிடி. அளவு மட்டும் பிசகுச்சு, இந்த வரனும் போச்சு!"

ஒரு படி அரிசி ஒன்றரைக் கிலோ என்பது மொக்கையனுக்குத் தெரியும். அப்படியானால் ஒரு படி பொரியும் ஒன்றரைக் கிலோதானே? படி என்ன ஆளுக்கொரு படியா? தலைதட்டி அளந்து வைத்தார்.

காத்தமுத்து சும்மா இருப்பானா? "எதுக்கும் தராசுல ஒருக்கா பாத்துருவோம்ணே" என்றான். ஒரு தட்டில் ஒரு படி அரிசி, மறு தட்டில் ஒரு படி பொரி. அரிசி தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. பொரி அந்தரத்தில் ஆடியது.

"ஐயையோ, எடையைக் காணோமே!" என்று மொக்கையன் தலையில் கை வைத்தார்.

"படி ஓட்டை மச்சான்" என்றான் ஒச்சப்பன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"தண்ணிக்கு ஒழுகல. எடைக்கு ஒழுகுது" என்றான் காத்தமுத்து.

"எடை எந்தப் பக்கமாடா ஒழுகும்?"

"மேல் பக்கமா. அதான பொரித்தட்டு மேல போகுது!"

அது சரிதான். படியைத் துடைத்துத் திரும்பப் பொரியை நிரப்பி, வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டித் தட்டில் வைத்தார்கள். அப்படியும் நிற்கவில்லை. ஒச்சப்பன் அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். அவன் இருந்தவரைக்கும் எடை பிரமாதமாக இருந்தது; எழுந்ததும் போய்விட்டது.

"அப்ப நீ பொரியோடயே இருந்துரு மாப்ள."

"இருப்பேன் மச்சான். பாகு சுடுமே!"

மொக்கையன் யோசித்தார். யோசித்ததில் வியர்த்துப்போனார். "எடைதான குறையுது? எடையைப் போட்டாப் போச்சு!" கிலோ கல், இருநூறு கிராம் கல், நூறு கிராம் கல் மூன்றையும் பொரித்தட்டில் வைத்தார். தராசு முள் நட்ட நடுவில் நின்றது. மூவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். கல்லும் பொரியுமாகப் பாகில் கொட்டி உருண்டை பிடித்தார்கள்.

வந்தவர்களில் மாப்பிள்ளையின் அப்பா, மரியாதைப்பட்ட மனுஷர், இருப்பதிலேயே பெரிய உருண்டையாக எடுத்துக் கடித்தார். டங்! விழுந்த பல்லை அவர் பார்த்தார், உருண்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்க ஊரு உருண்டை ஊதினாப் பறந்துரும். கயிறு கட்டித்தான் திங்கிறோம். இதுல்லப்பா கனமான குடும்பம்!" என்றவர், "சரி, பொண்ணு எத்தனை கிலோ?" என்று கேட்டார்.

மொக்கையன் முகம் வெளுத்துவிட்டது. அளக்கவே இல்லையே!

"அப்பா, அந்தப் படியை எடுங்க" என்றாள் பேச்சியம்மாள். வலது காலை விட்டாள், படி நிறைந்தது. "ஒண்ணு." இடது காலை விட்டாள். "ரெண்டு."

"ரெண்டு படி, மூணு கிலோ!" என்று கத்தினார் மொக்கையன்.

மாப்பிள்ளையின் அப்பா தொடையைத் தட்டினார். "அடி சக்கை! காலையிலதான் எங்க பையனை அளந்தோம். அவனும் மூணு கிலோ! இதவிட என்ன பொருத்தம் வேணும்? தட்டை மாத்துங்கப்பா!"

மொக்கையனுக்கு ஆனந்தத்தில் அழுகையே வந்துவிட்டது. கல்யாணம் முடிகிறவரை எடை ஒழுகிவிடக் கூடாதே என்று ஓடிப்போய், மகள் தலையில் துண்டைப் போட்டு இறுக்கிக் கட்டினார்.