அணையாத விளக்குத் துறை

கேளுங்கள். மீன்களும் மன்னர்களும் அளவுக்கு மீறி இருந்த காலத்தில், வெண்மணற்பட்டினத்தை மாறவேள் என்பவன் ஆண்டுவந்தான்.

ஒருநாள் துறையில் நின்ற கப்பலில் ஏறிய மன்னன், அலையாட்டத்தில் ஊரார் பார்க்க வாந்தி எடுத்தான். அன்றே ஆணை பிறந்தது. ஆற்றுமுகத்தில் அலை ஆடாத கப்பல்துறை ஒன்றைக் கல்தச்சன் பூதன் கட்ட வேண்டும். நாள்தோறும் அதன் நடுவே கொட்டாங்கச்சியில் விளக்கேற்றி மிதக்கவிடுவார்கள். மூன்று சோதனைக்குள் அது அணையாமல் நிற்க வேண்டும். அதன்பின் என்றைக்கு அணைந்தாலும் பூதனின் வலக்கை போய்விடும்.

கை போன கல்தச்சனுக்கு மிச்சம் வாய்தான். வாயை வைத்துப் பிழைக்கப் பூதன் என்ன அரசவைப் புலவனா? சோறு பிசையும்போதெல்லாம் அவன் கையைப் பார்த்துப் பயந்தான்.

பூதன் சுவர் எழுப்பி, ஒரு கோடியில் மடை விட்டான். முதல் சோதனையில் மடை வழியே வந்த அலையில் விளக்கு கவிழ்ந்தது.

"மன்னா, ஆற்று வண்டலைக் கடல் அள்ளிப்போகத்தான் அந்த மடை," என்றான்.

"அடை," என்றான் மன்னன்.

பாதி அடைத்தான். மறுபடியும் கவிழ்ந்தது. முழுவதும் அடைத்தான். மூன்றாம் முறை எண்ணெய் தீரும்வரை எரிந்தது. தப்பித்த கைக்கு மன்னன் பொற்காப்பு பூட்டினான்.

இரண்டு மழைக்காலம் ஆற்றில் வண்டலோடு வெள்ளம் வந்தது. மூன்றாம் ஆண்டு மழை பொய்த்தது. ஊரில் உலைகள் ஓய்ந்தன. வெளிநாட்டு நெல் ஏற்றிய கப்பல்கள் துறைக்கு வெளியே நின்றன.

"எருமை நிற்கிற இடத்தில் கப்பல் எப்படி நிற்கும்?" என்று மாலுமி சொல்லியனுப்பினான்.

மன்னன் ஓடிவந்தான். துறை முழுக்கச் சேறு. சேற்றின் நடுவே கொட்டாங்கச்சி. அதில் விளக்கு.

"என்ன பூதா இது?"

"விளக்கு அணையவே இல்லை, மன்னா."

"மடையைத் திற."

"திறந்தால் அலை வரும். விளக்கு அணையும். கை போகும். மிச்ச அடைப்பை ஒற்றைக் கையால் உடைக்க நாளாகும், மன்னா."

கூட்டத்தில் ஒரு குழந்தை பசியில் அழுதது. மன்னன் சேற்றில் இறங்கினான். முழங்கால்வரை புதைந்து நடந்து, விளக்கைத் தானே ஊதி அணைத்தான்.

பூதன் உளியை எடுத்தான். மடை திறந்தது. வண்டல் மெல்ல மெல்லக் கடலுக்குப் போனது. பத்தாம் நாள் முதல் கப்பல் நுழைந்தது. மன்னன் அதில் ஏறி, கடைசி மூட்டை கரை இறங்கும்வரை நின்று நெல்லை வரவேற்றான். ஊரார் பார்க்க மறுபடியும் வாந்தி எடுத்தான். கரையில் உலை வைத்து உண்டுகொண்டிருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் வாயிலும் சோறு இருந்தது.

தொல்லை வரும் வழியையெல்லாம் அடைப்பவன், நல்லது வரும் வழியையும் சேர்த்தே அடைத்துவிடுகிறான்.